ஏ.எம்.ராஜாவிடம் மெட்டு தீர்ந்துபோனதா?

மே 4

இங்கே ஒருவர் போட்டிருப்பது: “கல்யாண பரிசு, தேன் நிலவு, ஆடிப்பெருக்கு. மொத்தம் மூன்று நான்கு வருடம். அதற்குள் ஏ.எம்.ராஜா தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டார். இசையமைப்பாளர்களில் பாதிப் பேர் இப்படித்தான். இருக்கிற சரக்கு தீர்ந்தால் ஆள் காலி. மறுக்க யாராவது உண்டா?”

நான் மறுக்கிறேன். மெல்லிசைக் குழுவில் முதலில் ஆர்மோனியமும் அப்புறம் கீபோர்டும் வாசித்தவன் நான். பாடகராகவும் இசையமைப்பாளராகவும் இருந்த ராஜாவின் பாட்டுகளை மேடையில் வாசித்து வளர்ந்தவன். கல்யாண பரிசு படத்தின் ‘உன்னைக் கண்டு நானாட’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுசீலா பாடும்போது தீபாவளிக் கொண்டாட்டம். கதை முறிந்த பிறகு அதே மெட்டு ராஜாவின் குரலில் வருகிறது, நடை தளர்ந்து, வாத்தியம் ஒடுங்கி. கேட்பவருக்கு இது பழைய பாட்டுதான் என்று உடனே தெரிகிறது. தெரிவதால்தான் வலிக்கிறது. ஒரு மெட்டுக்குள் இரண்டு மனநிலைக்கும் இடம் வைத்துக் கட்டத் தெரிந்த ஆள், மூன்றே வருடத்தில் மெட்டில்லாமல் நின்றார் என்றால் எப்படி நம்புவது?

மே 4, இரவு

வருடங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டு பேசுவோம். கல்யாண பரிசு 1959. விடிவெள்ளி 1960. அதே 1960இல் கல்யாண பரிசின் தெலுங்கு வடிவமான பெள்ளி கானுக. தேன் நிலவு 1961. ஆடிப்பெருக்கு 1962. இவற்றில் ஆடிப்பெருக்கு தவிர மற்ற நான்கும் ஸ்ரீதர் இயக்கியவை. இந்த ஒரு தகவலுக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

மே 6

1962இல் ஸ்ரீதர் எடுத்த படங்களைப் பாருங்கள்: நெஞ்சில் ஓர் ஆலயம், போலீஸ்காரன் மகள், சுமைதாங்கி. மூன்றுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. முந்தைய வருடம் தேன் நிலவில் ஜெமினி கணேசன் ராஜாவின் குரலில் பாடினார். சுமைதாங்கியில் அதே இயக்குநர், அதே ஜெமினி, ஆனால் குரல் பி.பி.ஸ்ரீனிவாஸ். பாவமன்னிப்பில் ‘காலங்களில் அவள் வசந்தம்’ 1961லேயே வந்துவிட்டது. ஜெமினியின் பாட்டுக்குரல் கைமாறிய காலம் அது.

ராஜா தன் குரலை மனதில் வைத்து மெட்டுக் கட்டியவர். அந்தக் குரல் உச்சத்துக்குப் போய் முழங்காது, மூச்சை அதிகம் செலவழிக்காது, சொல்லை அழுத்தாமலே தெளிவாக வைக்கும். ‘காலையும் நீயே மாலையும் நீயே’ ஹமீர்கல்யாணியில் கட்டியது. அந்த ராகத்தில் ஒரு பாடகர் எவ்வளவோ வித்தை காட்டலாம். ராஜா எதையும் காட்டவில்லை. பேசுகிற அளவுக்கே குரலை வைத்து முடித்துவிட்டார். வாசிக்கும்போது விரலுக்கு எளிது. அந்த அமைதியைக் கொண்டுவருவது மட்டும் கஷ்டம். எங்கள் குழுவில் நல்ல பாடகர்கள்கூட இதில் ஒரு சங்கதி, அதாவது மெட்டை வளைத்துப் பாடும் ஒரு அலங்காரம், சேர்த்துக் கெடுத்துவிடுவார்கள்.

எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஜெமினியும் ஸ்ரீனிவாஸிடம் போனார். அப்படியிருக்க ராஜாவின் மெட்டு எந்த நாயகனின் வாய்க்குப் போகும்?

இன்னொரு இழப்பையும் சேர்க்க வேண்டும். கல்யாண பரிசுக்குப் பாட்டு எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதே 1959 அக்டோபரில் இறந்தார். வயது 29. ராஜாவின் மென்மைக்கு ஒரு முதுகெலும்பைக் கொடுத்தவை அந்த வரிகள். தேன் நிலவுக்குக் கண்ணதாசன் வந்தார், அதுவும் அழகுதான். ஆனாலும் கல்யாண பரிசின் கூட்டணி அந்தப் படத்தோடு போய்விட்டது.

மே 7

“அவராகத்தானே திரையுலகத்தை விட்டு ஒதுங்கினார், கண்டிப்பான ஆள், யாரோடும் ஒத்துப்போகமாட்டார் என்கிறார்களே” என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதல்ல, திறமையைப் பற்றியது. 1972இல் புகுந்த வீடு படத்தில் சங்கர்–கணேஷ் இசையில் அவரும் ஜிக்கியும் பாடிய ‘செந்தாமரையே செந்தேன் நிலவே’ கேளுங்கள். குரல் அப்படியே இருக்கிறது.

மே 7, கொஞ்ச நேரம் கழித்து

நேர்மையாக இதையும் சொல்லிவிட வேண்டும். 1973இல் வீட்டு மாப்பிள்ளை படத்துக்கு ராஜா மறுபடி இசையமைத்தார். ‘ராசி நல்ல ராசி’ இன்றும் கல்யாண மேடைகளில் கேட்கிற பாட்டு, கலகலப்பானது. தேன் நிலவின் பக்கத்தில் அதை வைக்க முடியுமா? முடியாது. குரல் குறையவில்லை, மெட்டுக் கட்டும் கையும் பழகிய கைதான். இருந்தும் ஏதோ ஒன்று இல்லை. கேள்வி கேட்டவர் இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். பிடித்துக்கொள்ளட்டும். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதுதான் என்னையும் தூங்கவிடாத விஷயம்.

மே 11

யோசித்ததில் எனக்குத் தோன்றியது: காணாமல் போவது பெரும்பாலும் எதிரே உட்கார்ந்து “இது வேண்டாம், வேறு போடுங்கள்” என்று சொல்கிற ஆள். கம்போசிங் அறையில் அந்த ஆள் இயக்குநராக இருக்கலாம், பாட்டெழுதுபவராக இருக்கலாம், கூட வாசிக்கிற வயலின்காரராகக்கூட இருக்கலாம். முதல் மெட்டு பழக்கத்தில் வருவது. அது எல்லோருக்கும் வரும். இரண்டாவது, மூன்றாவது கேட்கும்போதுதான் இசையமைப்பாளர் தனக்கே தெரியாத ஒன்றைத் தொடுகிறார். புதிதாக வருபவரிடம் எல்லோரும் உரிமையோடு “வேண்டாம்” என்பார்கள். பெயர் வந்துவிட்டால் அந்தத் தைரியம் யாருக்கும் இருக்காது.

விஸ்வநாதன்–ராமமூர்த்தியைப் பாருங்கள். 1952இல் பணம் படத்தில் சேர்ந்தவர்கள், 1965இல் ஆயிரத்தில் ஒருவனோடு பிரிந்தார்கள். ராமமூர்த்தி வயலின்காரர். திருச்சிக்காரர், வாசிப்பு ரத்தத்தில் இருந்தது. எம்.எஸ்.வி. என்கிற விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு பாடிக்கொண்டே மெட்டு போடுபவர். யார் எதைச் செய்தார் என்று பங்கு பிரிக்கும் சண்டைக்குள் நான் போகவில்லை. அந்தச் சண்டையில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. நான் சொல்வது, இரண்டு பேர் இருக்கும்போது ஒவ்வொரு மெட்டும் வெளியே போவதற்கு முன் இன்னொரு காதைத் தாண்டியாக வேண்டும் என்பது மட்டும்தான்.

பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. சோர்ந்துவிடவில்லை. சிவந்த மண் 1969, உலகம் சுற்றும் வாலிபன் 1973, நினைத்தாலே இனிக்கும் 1979. அறையில் கண்ணதாசன் இருந்தார், பாலசந்தர் இருந்தார். மங்களமூர்த்தியின் அக்கார்டியன் இருந்தது. 1981 அக்டோபரில் கண்ணதாசன் போனார். 1985இல் பாலசந்தர் சிந்து பைரவிக்காக இளையராஜாவிடம் போனார். எம்.எஸ்.வி.யின் வீழ்ச்சி என்று மக்கள் சொல்லும் காலம் கிட்டத்தட்ட இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் விழுகிறது.

மே 12

“1976இல் இளையராஜாவின் அன்னக்கிளி வந்தது, ரசனை மாறியது, எம்.எஸ்.வி. பழசாகிவிட்டார், இதற்கு எதற்கு இவ்வளவு தத்துவம்?” என்கிறார் ஒருவர். ரசனை மாறியது உண்மை. ஆனால் மெல்லத் திறந்தது கதவை என்ன செய்வீர்கள்? 1986. மெட்டுகள் பெரும்பாலும் எம்.எஸ்.வி.யுடையவை, வாத்திய அமைப்பு இளையராஜா. ‘வா வெண்ணிலா’, ‘தேடும் கண் பார்வை’. பழசாகிப்போன மனிதரின் மெட்டா அது? 58 வயதில், தன்னைவிட இளையவர், தன்னை வணங்குபவர், ஆனால் இசையில் தனக்குச் சமமாக நிற்பவர் ஒருவர் அறைக்குள் வந்ததும் அந்த ஊற்று எப்படித் திறந்துகொண்டது! இந்த ஒரு படம் போதும், சரக்கு தீர்ந்தது என்ற வாதத்தை நான் ஏற்காமல் இருக்க.

மே 12, இரவு

ஆனால் எனக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995இல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 30 வருடம் கழித்து எங்கிருந்தோ வந்தான் படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பாட்டுகள் வந்தன. அந்தப் பழைய மின்சாரம் இல்லை. எதிரே ஆள் இருந்தால் போதும் என்றால் இங்கேயும் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. இரண்டு பேரும் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். 1958இல் ஒருவரிடம் ஒருவர் எடுத்துக்கொண்ட உரிமையை 1995இல் எடுத்துக்கொண்டிருப்பார்களா? ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்ற மரியாதை நடுவில் உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான்.

மே 19

இளையராஜாவை இழுக்காமல் இந்த விவாத இழை முடியாது என்று தெரியும். இழுத்தாகிவிட்டது. சரி, பேசிவிடுவோம்.

“1992க்குப் பிறகு அவர் முடிந்துவிட்டார்” என்ற வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். ரோஜா வந்தது, ரஹ்மான் வந்தார், ஒலியே மாறியது, எல்லாம் சரி. ஆனால் ரோஜாவுக்கு முன்பே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1986இல் புன்னகை மன்னனோடு வைரமுத்துவுடனான கூட்டு முடிந்தது. 1989இல் புதுப்புது அர்த்தங்களோடு பாலசந்தர். 1991இல் தளபதியோடு மணிரத்னம். 1992இல் நாடோடித் தென்றலுக்கு அப்புறம் பாரதிராஜாவும் கிழக்குச் சீமையிலே படத்துக்கு ரஹ்மானிடம் போய்விட்டார். யார் மேல் தவறு என்று நான் கேட்கவில்லை, கேட்பதில் பலனும் இல்லை. ஏழு வருடத்துக்குள், அவரிடம் “எனக்கு இதுவரை கேட்காத ஒன்று வேண்டும்” என்று கேட்கக்கூடிய நான்கு பேர் அறையை விட்டுப் போய்விட்டார்கள். மீதம் வந்தவர்களில் பலர் அவரைப் பார்க்கக் கிடைத்ததையே பாக்கியமாக நினைத்தவர்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வருடங்களில் அவர் கையிலிருந்த படங்களின் எண்ணிக்கையையும் யோசியுங்கள். காலையில் மெட்டு, நோட்ஸ் எழுதிக் கொடுத்து மதியத்துக்குள் டேக் என்று ஓடுகிறவருக்கு யாராவது தடுத்து நிறுத்தினால்தான் நிற்க நேரம் கிடைக்கும்.

இப்போது ஹே ராம். 2000. வேறொரு இசையமைப்பாளரின் பாட்டுகளுக்குக் காட்சிகள் படமாக்கப்பட்டிருந்தன. அவர் விலகிய பிறகு இளையராஜா வந்து, ஏற்கெனவே எடுத்த காட்சிகளில் நடிகர்களின் உதட்டசைவுக்கும் வெட்டுகளுக்கும் பொருந்தும்படி புது மெட்டு போட்டார். திரும்பப் படமெடுக்கவில்லை. இதைவிடப் பெரிய “வேண்டாம்” ஒரு இசையமைப்பாளருக்கு உண்டா? தாளம், நீளம், வாயசைவு எல்லாமே அடைத்துப் பூட்டிய இடத்தில் நுழைந்து அவர் செய்தது அவருடைய ஆகச் சிறந்த வேலைகளில் ஒன்று. ‘முடிந்துபோய்’ எட்டு வருடம் கழித்து!

அதற்கு முந்தைய வருடம் சேது. 2009இல் பழசிராஜா. 2023இல் விடுதலை. வெற்றிமாறன் அவரிடம் போனபோது அவருக்கு 80 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ‘வழிநெடுக காட்டுமல்லி’ கேட்டுவிட்டு என்னோடு வாதாட வாருங்கள்.

மே 20

இளையராஜாவின் குழுவில் புருஷோத்தமனின் டிரம்ஸ், சசிதரனின் பேஸ் கிட்டார், நெப்போலியனின் புல்லாங்குழல், விஜி மானுவேலின் கீபோர்டு. இவர்களைப் பற்றி நேற்று எழுத மறந்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குத் தனி இழை வேண்டும். இங்கே ஒரே ஒரு வரி: பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்வதை எண்பதுகளின் பாட்டுகளில் கேட்டுத்தான் நான் கீபோர்டில் இடது கையை மதிக்கக் கற்றுக்கொண்டேன்.

மே 27

இங்கே ஒருவர் தூக்கிப்போட்ட கல் இது: “எதிரே ஆள் வேண்டும் என்கிறீர்கள். தனியாக உட்கார்ந்து எழுதும் ஐரோப்பியர்கள்? அவர்களும்தான் நின்றுபோனார்கள்.”

இந்தக் கேள்விக்கு நன்றி. இது என் வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவைத்தது.

பின்லாந்தின் இசையமைப்பாளர் ழான் சிபேலியஸ். பிறப்பு 1865. 1897இலிருந்து அரசின் உதவித்தொகை. 1904இல் ஹெல்சிங்கியை விட்டு வெளியே யார்வென்பாவில் வீடு கட்டிக்கொண்டு போனார். மனைவி ஐனோவின் பெயரால் வீட்டுக்கு ஐனோலா என்று பெயர். ஏழு சிம்பொனிகள், அதாவது முழு வாத்தியக் குழுவுக்கான பெரிய படைப்புகள். ஐந்தாவது 1915 டிசம்பரில் அவருடைய 50ஆவது பிறந்தநாளில் அரங்கேறியது. அவருக்குப் போதவில்லை. 1916இல் திருத்தினார், 1919இல் மறுபடி திருத்தினார். இன்று உலகம் கேட்பது அந்தக் கடைசி வடிவம். ஏழாவது 1924. பின்லாந்துக் காட்டின் தெய்வத்தைப் பற்றிய தபியோலா 1926. அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்தது 30 வருடத்துக்கும் மேல். பெரிய படைப்பு ஒன்றுகூட வெளியே வரவில்லை. 1957இல் 91 வயதில் இறந்தார்.

எட்டாவது சிம்பொனி வருகிறது, வருகிறது என்று உலகமே காத்திருந்தது. பாஸ்டனில் இசைக்குழு நடத்துநர் கூசெவிட்ஸ்கி அரங்கேற்றத்துக்குக் காத்திருந்தார். சிபேலியஸும் வாக்குக் கொடுப்பார், தள்ளிப்போடுவார். 1933இல் முதல் பகுதி பிரதி எடுப்பவரிடம் போனதும் உண்மை. பிறகு 1940களில் ஒருநாள், துணிக்கூடை நிறையக் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்து, சாப்பாட்டு அறைக் கணப்பில் போட்டு எரித்தார். எட்டாவதும் அதில் போனது என்றே நம்புகிறார்கள். அதற்குப் பிறகு கணவரின் மனம் அமைதியானது என்று ஐனோ பின்னால் சொல்லியிருக்கிறார்.

மே 28

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சிபேலியஸிடம் “வேண்டாம்” என்று சொல்ல வெளியே ஆளே தேவைப்படவில்லை. அந்தக் குரல் அவருக்குள்ளேயே இருந்தது. ஐந்தாவதை மூன்று முறை எழுதவைத்ததும் அதுதான், எட்டாவதை நெருப்பில் போடவைத்ததும் அதுதான். ஒரே குரல்! ஆக, தடுக்கிற குரல் இருந்தால் போதாது. அதற்கு எதிரே “இது போதும், இத்தோடு விடு” என்று சொல்கிற குரலும் வேண்டும். சினிமாவில் அதை ரிலீஸ் தேதி சொல்லிவிடும். நாளைக் காலை ஏவி.எம்.மில் ரெக்கார்டிங் என்றால் இன்றிரவு மெட்டு முடிந்தாக வேண்டும். சிபேலியஸுக்கு வீடு இருந்தது, பணம் இருந்தது, காடு இருந்தது, தேதி மட்டும் இல்லை. குடியும் மனச்சோர்வும் கை நடுக்கமும் இருந்தன, அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் ஏழாவது சிம்பொனிக்கு முன்பே இருந்தவை.

நம் ஆட்களைத் தேதி கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றியதும் தேதிதானோ என்று இப்போது தோன்றுகிறது.

மே 28, மாலை

எட்டாவது சிம்பொனியினுடையவை என்று கருதப்படும் சில துண்டுக் குறிப்புகளை 2011இல் ஹெல்சிங்கியில் வாசித்துப் பதிவு செய்தார்கள். சில நிமிடங்கள்தான். அந்த ஒத்திசைவுகள் ஏழாவதிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். வற்றிப்போன மனிதர் எழுதியது மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 2

இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி? அவரை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. 37 வயதுக்குள் 39 ஓபராக்கள், அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகங்கள். 1829இல் வில்லியம் டெல். அதன்பின் 1868 வரை இருந்தார், இன்னொரு ஓபரா எழுதவில்லை. உடல்நலம் கெட்டிருந்தது. பணம் தேவைக்கு மேல் இருந்தது. ஓபரா உலகம் அவருக்குப் பிடிக்காத பக்கம் போனது. நிறுத்திவிட்டார். 1863இல், 71 வயதில், ஒரு சிறிய பாடகர் குழுவுக்கும் இரண்டு பியானோவுக்கும் ஆர்மோனியத்துக்குமாக ஒரு வழிபாட்டு இசை எழுதினார். ஆர்மோனியம்! அந்தப் பியானோ வாசிப்பில் இருக்கிற குறும்பு அவருடைய இருபதுகளின் குறும்புதான். அவருக்குச் சக்தி இருந்தது, சந்தையில் நிற்க விருப்பம் இல்லை. அவ்வளவுதான்.

ஜூன் 9

கர்நாடக சங்கீதத்துக்கு வருவோம். ஜி.என்.பி. என்கிற பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியத்தைப் பற்றிக் கேட்டவருக்கு.

1910இல் மாயவரம் பக்கம் கூடலூரில் பிறந்தவர். 1928இல் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் வசந்த உற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் வர முடியாமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்து பாடியதுதான் தொடக்கம். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அவருடைய பிருகாக்கள், மின்னல் வேகத்தில் ஸ்வரங்களை உதிர்க்கும் அந்தக் குரல் ஓட்டங்கள், செய்த ஆர்ப்பாட்டத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சினிமாவிலும் நடித்தார். 1940இல் எம்.எஸ்.சுப்புலட்சுமியோடு சகுந்தலை. பிறகு குரல் தளர்ந்தது. கடைசிக் காலப் பதிவுகளில் அது மறைக்க முடியாமல் தெரிகிறது. 1965இல் 55 வயதில் போய்விட்டார்.

இங்கே தேய்ந்தது எது? தொண்டை. கற்பனை அந்தத் தொண்டையை விட்டு வேறு இடங்களுக்குப் போய்விட்டது. நிறைய கிருதிகள் இயற்றினார். பகுதாரியில் ‘உன்னடியே கதி’ அவருடையது. சிவசக்தி, அம்ருத பேஹாக் என்று ராகங்களுக்கே வடிவம் கொடுத்தார். எம்.எல்.வசந்தகுமாரி, ராதா–ஜெயலட்சுமி, தஞ்சாவூர் எஸ்.கல்யாணராமன், திருச்சூர் வி.ராமச்சந்திரன் என்று சிஷ்யர்கள். எம்.எல்.வி.யின் பாட்டில் அந்தப் பழைய வேகத்தைக் கேட்கலாம், ஆனால் அது எம்.எல்.வி.யின் சொந்த வேகமாகவும் இருக்கும். 1958இல் ஜி.என்.பி.க்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தபோது குரலின் உச்சம் தாண்டிவிட்டது என்று சொன்னவர்கள், மனிதரின் பாதியைத்தான் பார்த்தார்கள்.

அவருடைய தளர்ந்த குரல் பதிவுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். தோடி ராகத்தில் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் சாயலைக் காட்டும் ஒரு ஸ்வரக் கோவையை, எடுக்கப்போய், தொண்டை ஒத்துழைக்காது என்று தெரிந்ததும் அதே எண்ணத்தை வேறு வழியாகக் கொண்டுபோவார். இளமையில் அந்த வழியைத் தேட அவருக்கு அவசியமே இருந்திருக்காது.

ஜூன் 10

“புத்தகத்தில் படித்ததெல்லாம் போதும், நேரில் பார்த்தது ஏதாவது உண்டா?” உண்டு.

எங்கள் குழுவை நடத்தியவர் ஒரு முருகன் பக்திக் கேசட் போட்டார். பெயர் வேண்டாம். பாட்டு எழுதியவர் ஒரு தமிழாசிரியர். மெட்டும் வரியும் சேர்வதற்கு இரண்டு பேரும் சண்டையாகச் சண்டை போட்டார்கள். “இந்தச் சந்தத்துக்கு என் சொல்லை நசுக்க மாட்டேன்” என்பார் ஆசிரியர். “அப்படியானால் மெட்டை மாற்ற வேண்டும்” என்று இவர் முனகுவார், ஆனால் மாற்றுவார். நான் கீபோர்டோடு நடுவில் உட்கார்ந்திருப்பேன். கேசட் எங்கள் பக்கத்துக் கோயில்களிலெல்லாம் ஒலித்தது. இன்றும் திருவிழாவில் கேட்கிறது. அடுத்த கேசட்டுக்கு இவரே பாட்டு எழுதினார். மெட்டு வந்ததும் அதற்கேற்ற சொல் தானே வந்துவிடும் அவருக்கு. தடையே இல்லை. ரெக்கார்டிங் சீக்கிரம் முடிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது கேசட்டின் ஒரு பாட்டுகூட இன்று எனக்கு நினைவில்லை. வாசித்தவன் நான்!

அவருடைய ஞானம் அந்த ஒரு வருடத்தில் குறைந்திருக்க வாய்ப்பே இல்லை. தினமும் சாதகம் செய்த மனிதர். அதனால்தான் ‘திறமை தேய்ந்தது’ என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்கு உடனே அந்த ஆசிரியரின் முகம் வருகிறது.

ஜூன் 10, இரவு

கேட்பவர்களின் பங்கையும் விடக்கூடாது. கல்யாண வரவேற்பு மேடையில் துண்டுச்சீட்டில் பாட்டு கேட்பார்கள். சீட்டைக் கொடுப்பவரின் முடி நரையைப் பார்த்தால் எந்த வருடத்துப் பாட்டு என்று நாங்கள் முன்னாலேயே கணித்துவிடுவோம். அநேகமாகப் பள்ளி முடித்த வயதில் கேட்ட பாட்டாக இருக்கும். அந்த வயதில் கேட்டது மனதில் பதிகிற ஆழத்துக்கு, நாற்பது வயதில் கேட்கும் எந்த மெட்டும் இறங்குவதில்லை. இசையமைப்பாளர் அதே தரத்தில் போட்டாலும் நமக்குக் குறைந்த மாதிரித்தான் கேட்கும். இது எல்லாவற்றையும் விளக்காது. வீட்டு மாப்பிள்ளைக்கும் தேன் நிலவுக்கும் உள்ள தூரத்தை விளக்காது, நான் அந்த இரண்டையும் ஒரே வயதில் கேட்டவன். ஆனாலும் தீர்ப்பு சொல்வதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 23

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: “அப்படியென்றால் யாருக்குமே திறமை தேய்வதில்லை என்கிறீர்களா?”

இல்லை. தேயும். உடம்பு தேயும்போது காது தேயும், கை தேயும், அடுத்தடுத்து முடிவெடுக்கிற தெம்பும் தேயும். நான் மறுப்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அது தீர்ந்தால் முடிந்தது என்ற எண்ணத்தை. எம்.எஸ்.வி.க்கு 1984இல் இல்லாத மெட்டு 1986இல் வந்தது. அளவு தீர்ந்திருந்தால் எங்கிருந்து வந்தது? ராஜா 1963இலிருந்து என்னென்ன போட்டிருப்பார் என்பது நமக்குத் தெரியாது, கேட்க ஆள் இல்லாததால். ஒரு நல்ல இயக்குநர் அப்போது அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. அவர் 1989இல் ரயில் விபத்தில் போனபோது வயது 60கூட ஆகவில்லை.

ஜூன் 24

ராமமூர்த்தியைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை என்று வந்த குறை நியாயமானது. பிரிவுக்குப் பிறகு எம்.எஸ்.வி.தான் உயர்ந்தார், ராமமூர்த்தி தேய்ந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1966இல் சாது மிரண்டால், தேன் மழை, மறக்க முடியுமா. மூன்றும் மூன்று வகைப் படங்கள். 1967இல் ரவிச்சந்திரனும் ஜெயலலிதாவும் நடித்த ‘நான்’ படம். ‘போதுமோ இந்த இடம்’, ‘ராஜா கண்ணு போகாதடி’, எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் மிரட்டுகிற ‘அம்மனோ சாமியோ’. மூன்றும் ஒரே படத்தில். நான் இவற்றை வாசித்திருக்கிறேன். ‘போதுமோ இந்த இடம்’ பாட்டின் இடையிசையில் வயலின்கள் நுழையும் இடத்தைக் கவனியுங்கள், வில்லைக் கையில் பிடித்தவர் எழுதியது என்று தெரியும். இந்தப் படம் வந்தும் அவருக்கு ஏன் வாய்ப்பு குறைந்தது என்பது தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் அந்த மூன்று பாட்டையும் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், சாது மிரண்டாலின் பின்னணி இசையைப் பற்றி அப்புறம் பேசலாம்.